2,14,000 கிலோமீட்டர் ஓடிய 520டி: வைத்துக்கொள்வதா, கொடுத்துவிடுவதா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரியில் மாங்கூழ் வியாபாரம் செய்கிறீர்கள். உங்களுடையது 2012இல் பதிவான பி.எம்.டபிள்யூ 520டி. 2018இல் 58,000 கிலோமீட்டரில் கைமாறி உங்களிடம் வந்தது, இன்று 2,14,000 காட்டுகிறது. வாரம் ஒருமுறை பெங்களூரு, மாதம் இரண்டு முறை சென்னை. சில வாரங்களாக, சிக்னலில் வண்டி நிற்கப்போகும் தறுவாயில் கியர் பாக்ஸ் பின்னாலிருந்து யாரோ இடித்ததுபோல ஒரு குத்துக் குத்துகிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் பக்கம் ஏதோ உரசுவதாக டிரைவர் சொல்கிறார். உங்கள் காதுக்கு அது கேட்கவில்லை. பெங்களூரில் காட்டியதில் 6,20,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் வந்திருக்கிறது: கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் மெக்கட்ரானிக் என்ற பாகம் 2,60,000, இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் 1,75,000, முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களும் இன்ஜின் மவுண்டுகளும் 1,15,000, பிரேக்கும் மற்றவையும் 70,000. பழைய கார் வியாபாரி இருக்கிற நிலையிலேயே 6,50,000 தருவதாகச் சொல்கிறார். வண்டியின் விலையையே வண்டிக்குச் செலவு செய்வதா என்று மாமனார் கேட்கிறார். 2027இல் 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. என்ன ஆகும் என்ற பயமும் இருக்கிறது.

நீங்கள் கேட்டிருப்பது பணத்தைப் பற்றி. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "இரவில் குடும்பத்தோடு போகும்போது முன்புபோல மனம் நிம்மதியாக இல்லை." என் கணிப்பில் உண்மையான கேள்வி அதுதான். இந்த வண்டியை இன்னும் நம்பலாமா என்று கேட்கிறீர்கள். அதனால் கணக்கைக் கடைசியில் பார்ப்போம், வண்டியை முதலில் பார்ப்போம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்து, பெங்களூரில் சொகுசு கார்கள் வரும் ஒரு பட்டறையில் பதினோரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, இப்போது நம் ஊரில் சொந்தப் பட்டறை நடத்துகிறேன். ஆகவே எனக்கு ஒரு சார்பு உண்டு: நீங்கள் பழைய வண்டியை வைத்திருந்தால்தான் என் அடுப்பு எரியும். நான் சொல்வதை அந்த உப்போடு சேர்த்தே சாப்பிடுங்கள். உங்கள் வண்டியை நான் தொட்டுப் பார்த்ததில்லை, அதன் சத்தத்தைக் கேட்டதுமில்லை. தொடாமல் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவுதான் சொல்கிறேன்.

முதலில் அந்த 2,14,000. அதைக் கேட்டதும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள், நான் சுளிக்கவில்லை. உங்கள் வண்டி பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியது. சராசரி வேகம் மணிக்கு 60 என்று வைத்தால் இன்ஜின் சுழன்றது ஏறக்குறைய 3,570 மணி நேரம். பெங்களூரு நெரிசலுக்குள்ளேயே மணிக்கு 18 கிலோமீட்டர் சராசரியில் ஊர்ந்து 70,000 ஓடிய ஒரு வண்டியின் இன்ஜின் சுழன்றிருப்பது 3,890 மணி நேரம். சந்தையில் அந்த எழுபதாயிரம் வண்டிக்குத்தான் மாலை மரியாதை. நெடுஞ்சாலை வண்டியில் இன்ஜின் சரியான சூட்டில் ஓடும், கியர் மாற்றம் குறைவு, பிரேக் மிதிப்பு குறைவு. தர்மபுரியில் ஒரு மருத்துவரின் கார் 78,000இல் என் பட்டறைக்கு வந்தது. வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மூன்று கிலோமீட்டர், திரும்ப மூன்று கிலோமீட்டர், அவ்வளவுதான் அதன் வாழ்க்கை. உள்ளே கரி அடைத்து, ஆயில் தார்போல இருந்தது. பர்கூர்ப் பக்கம் கிரானைட் தொழில் செய்பவர் ஒருவரின் ஜெர்மன் கார் மூன்று லட்சம் தாண்டி இன்றும் ஓடுகிறது. உங்களுக்குப் புரிகிற மொழியில் சொன்னால், பெங்களூரா மாம்பழத்தின் தோல் நிறத்தைப் பார்த்தா கூழுக்கு விலை பேசுகிறீர்கள்? சர்க்கரை அளவைக் காட்டும் பிரிக்ஸ் மீட்டரை வைத்துத்தானே பேசுகிறீர்கள். ஓடோமீட்டர் தோல் நிறம் மாதிரி. வண்டியின் பிரிக்ஸ் அதன் சர்வீஸ் பில்களில் இருக்கிறது. 58,000க்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். வேறு எந்தப் பழைய வண்டியை வாங்கினாலும் அந்த அறிவு உங்களுக்குக் கிடைக்காது.

அந்தப் பில்களைப் புரட்டி ஒன்றே ஒன்றைத் தேடுங்கள்: கியர் பாக்ஸ் ஆயில் எப்போதாவது மாற்றப்பட்டதா? மாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அந்தக் காரில் கியர் பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம் என்பதுதான் கார் கம்பெனியின் நிலைப்பாடு. ஆனால் அந்த எட்டு கியர் ஆட்டோமேட்டிக்கைச் செய்து கொடுப்பது இசட்.எஃப். என்ற ஜெர்மன் நிறுவனம். அவர்களே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். செய்தவன் ஒன்று சொல்கிறான், வாங்கிப் பூட்டியவன் வேறொன்று சொல்கிறான். இதில் நான் செய்தவன் பக்கம். "ஆயுள் முழுக்க" என்று சொல்பவர்களிடம், யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும்.

பழைய ஆயிலில் 2,14,000 ஓடிய கியர் பாக்ஸ் நிற்கும்போது குத்துவது அதிசயமே இல்லை. அந்தக் குத்துக்குக் காரணங்கள் பல, அவற்றில் மலிவானவையும் உண்டு. ஆயில் தன் குணத்தை இழந்திருக்கலாம். மெக்கட்ரானிக்குக்கு மின் இணைப்பு போகும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்லீவும் அதன் சீல்களும் இருக்கின்றன. அவை காய்ந்து ஆயில் கசிந்து அளவு குறைந்திருக்கலாம். அடியில் இருக்கும் ஆயில் தொட்டியும் பிளாஸ்டிக்தான், சூட்டில் வளைந்து அங்கேயும் கசியும். இன்ஜின் மவுண்டோ கியர் பாக்ஸ் மவுண்டோ செத்துப்போயிருந்தால், சாதாரணக் கியர் மாற்றம்கூட உள்ளே உட்கார்ந்திருப்பவருக்குக் குத்தாகத் தெரியும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் ரப்பர் கப்ளிங் வெடித்திருந்தாலும் அப்படித்தான். இவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் சொலினாய்டு, மெக்கட்ரானிக், டார்க் கன்வெர்ட்டர் என்று மேலே போக வேண்டும். உங்கள் எஸ்டிமேட் படிக்கட்டின் உச்சியில் தொடங்குகிறது. அவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். பெரிய பட்டறையில் வாரன்ட்டியோடு வேலை கொடுக்க வேண்டும், ஒரு சீலை மாற்றிவிட்டுப் பத்து நாளில் வண்டி திரும்பி வந்தால் அவர்களுக்குத் தலைவலி, அதனால் முழுப் பாகத்தையும் மாற்றிவிடுவார்கள். அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான். ஆனால் எஸ்டிமேட் வேறு, நோய் கண்டறிதல் வேறு. உங்களிடம் இருப்பது முதலாவது மட்டும்.

ஆகவே முதல் வேலை, ஆயில் தொட்டியைக் கழற்றுவது. ஃபில்டர் அந்தத் தொட்டியோடு சேர்ந்தே வரும், தனியாக மாற்ற முடியாது. தொட்டி, சீல்கள், ஸ்லீவ், சரியான ஆயில் எல்லாம் சேர்ந்து என் பட்டறைக் கணக்கில் ஐம்பதாயிரத்தை ஒட்டி வரும். கழற்றிய தொட்டிக்குள் காந்தங்கள் இருக்கும், அவற்றை நீங்களே பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழவழப்பான மசி ஒட்டியிருந்தால் அது வயதுக்கேற்ற தேய்மானம், பயப்பட வேண்டாம். விரலில் எடுத்துத் தேய்த்தால் உறுத்துகிற மினுமினுப்பான துகள்களோ சிம்புகளோ இருந்தால் உள்ளே ஏதோ தின்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு காட்சி உங்கள் முடிவில் பாதியை எடுத்துவிடும். புது ஆயிலை ஊற்றும்போது ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: வண்டி சமமாகத் தூக்கப்பட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயிலின் வெப்பம் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் அளவைப் பார்க்க வேண்டும். ஸ்கேனரில் வெப்பம் தெரியும். "இவ்வளவு லிட்டர் பிடிக்கும், ஊற்றிவிட்டேன்" என்கிற மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். இதன் பிறகும் குத்து நின்றே தீரும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. சிலவற்றில் முழுதாக நின்றிருக்கிறது, சிலவற்றில் பாதி குறைந்திருக்கிறது, ஒன்றிரண்டில் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்தது உரசல் சத்தம். கியர் பாக்ஸைவிட எனக்கு இதில்தான் கவலை. உங்கள் வண்டியில் இருப்பது என்47 என்று அழைக்கப்படும் இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின், 184 குதிரைத் திறன். அதன் டைமிங் செயின் வழக்கம்போல முன்பக்கம் இல்லை, கியர் பாக்ஸை ஒட்டிய பின்பக்கத்தில் இருக்கிறது. இந்தச் செயின் உலகம் முழுக்கப் பேர் கெட்டது. 2011க்கு முன் தயாரானவற்றில் புகார் அதிகம், பிறகு பாகங்களைத் திருத்தினார்கள். உங்களுடையது 2012, அதனால் ஆபத்து குறைவு, ஆனால் பூஜ்யம் என்று சொல்லமாட்டேன். செயின் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அதன் பிறகு பேச்சு செயினைப் பற்றியதாக இருக்காது, இன்ஜினைப் பற்றியதாக இருக்கும். செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. டாஷ்போர்டு கேட்கும்வரை காத்திருந்து 25,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றியவர்களின் செயின் சீக்கிரம் நீளும். 10,000க்கு ஒருமுறை மாற்றியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நீங்கள் எந்த வகை என்று பில் சொல்லும்.

டிரைவர் காதை நம்புங்கள். முதலாளி பின் இருக்கையில் கண்ணாடி ஏற்றிவிட்டு போன் பேசிக்கொண்டிருப்பார், வண்டியோடு பேசுபவர் டிரைவர்தான். ஒரு நாள் காலை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பானெட்டைத் திறந்து, அனுபவமுள்ள ஒருவர் ஸ்டெதஸ்கோப்பை இன்ஜினின் பின்பக்கம் வைத்துக் கேட்கட்டும். சங்கிலி எதையோ தேய்த்துக்கொண்டு ஓடுகிற சத்தம் சூடானதும் குறைந்தாலும், அங்கிருந்துதான் வருகிறது என்று உறுதியானால், செயினை மாற்றியே ஆக வேண்டும். இதில் பேரம் கிடையாது. அந்தச் செயினை நெருங்கக் கியர் பாக்ஸை இறக்க வேண்டும், பல பட்டறைகளில் இன்ஜினையே இறக்கிவிடுகிறார்கள். எப்படியும் இறக்கப்போகிறீர்கள் என்றால் டார்க் கன்வெர்ட்டர், பின்பக்க ஆயில் சீல், மவுண்டுகள் எல்லாவற்றையும் அந்த ஒரே கூலியில் பார்த்துவிடலாம். உங்கள் எஸ்டிமேட்டில் கியர் பாக்ஸை இறக்கும் கூலி இரண்டு இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை.

இன்னொன்றும் பார்க்கச் சொல்வேன், இது உங்கள் எஸ்டிமேட்டிலேயே இல்லை. புகைக்காற்றை மறுபடி இன்ஜினுக்கு அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பில் ஒரு கூலர் உண்டு. அதில் கூலன்ட் உள்ளுக்குள் கசிந்து கரியோடு சேர்ந்து தீப்பிடித்த சம்பவங்களால் 2018இல் தென்கொரியாவிலும் ஐரோப்பாவிலும் இந்தக் கம்பெனியின் டீசல் கார்கள் லட்சக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டன. உங்கள் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இந்த வண்டிக்கு ஏதாவது திரும்ப அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள், செலவில்லாத வேலை. கீழே சொட்டுக் கசிவு இல்லாமலேயே கூலன்ட் அளவு குறைகிறது என்றால் அதை அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஆர்ம், புஷ், பிரேக் எல்லாம் சாதாரணத் தேய்மானம். ராயக்கோட்டைச் சாலையில் போய்வரும் எந்த வண்டிக்கும் அது வரும். கார் கம்பெனியின் முத்திரையோடு வரும் ஆர்மையே லெம்ஃபோர்டர் போன்ற தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரில் குறைந்த விலைக்கு விற்கிறார்கள், அதைத் தாராளமாக வாங்கலாம். சிவாஜிநகரிலும் சென்னை புதுப்பேட்டையிலும் கழற்றிய பாகங்கள் கிடைக்கும். விளக்கு, கண்ணாடி, கதவு வாங்க அங்கே போங்கள். மெக்கட்ரானிக்கை அங்கே வாங்காதீர்கள். அதை உங்கள் வண்டிக்கு ஏற்ப புரோகிராம் செய்ய வேண்டும், அதற்குள் என்ன தேய்ந்திருக்கிறது என்று விற்பவருக்கும் தெரியாது. ஒரு வாடிக்கையாளருக்காக நானே அப்படி ஒன்று வாங்கி மாட்டி, பணம் போய், பேரும் போய்த் திரும்பியிருக்கிறேன்.

இப்போது மாமனார் கேள்வி. செலவு வண்டியின் விலையைத் தொட்டுவிட்டால் விற்றுவிட வேண்டும் என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. வியாபாரி சொல்லும் 6,50,000 உங்கள் வண்டி உங்களுக்கு இன்னும் எவ்வளவு உழைக்கும் என்பதன் விலை இல்லை. உள்ளே என்ன இருக்கிறதோ என்று பயப்படும் அடுத்தவருக்காகத் தள்ளுபடி போட்ட விலை. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு வரி 40 சதவீதமாகக் குறைந்தபோது புதுக் கார்களின் விலை இறங்கியது, பழைய கார் சந்தையும் கூடவே இறங்கியது. ஆகவே வியாபாரி குறைத்துக் கேட்பதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் ஒப்பிட வேண்டியது பழுது செலவையும் விற்பனை விலையையும் அல்ல. அடுத்த மூன்று ஆண்டு இதே வேலையை இந்த வண்டி செய்தால் என்ன ஆகும், வேறொன்று செய்தால் என்ன ஆகும், அதைத்தான்.

மூன்று ஆண்டில் 63,000 கிலோமீட்டர் ஓடுவீர்கள். நல்லது கெட்டது இரண்டும் கலந்த நிலையை எடுத்துக்கொள்வோம்: ஆயில் வேலையில் கியர் பாக்ஸ் சரியாகிறது, செயின் மாற்றுகிறீர்கள், ஆர்ம்களைத் தேவைக்கேற்ப மாற்றுகிறீர்கள். இப்போதைய செலவு 2,80,000. ஆண்டுப் பராமரிப்பு 1,25,000 வீதம் 3,75,000. மூன்றாண்டு கழித்து வண்டி மூன்று லட்சம் ரூபாய்க்கு விலைபோனால் விலை வீழ்ச்சி 3,50,000. ஆக சுமார் பத்து லட்சம், கிலோமீட்டருக்கு 16 ரூபாய். எஸ்டிமேட்டில் உள்ளதை அப்படியே செய்தால் பதின்மூன்றரை லட்சம், கிலோமீட்டருக்கு 21 ரூபாய். புதிதாக ஹைப்ரிட் இன்னோவா போன்ற ஒன்றைச் சாலைக்கு வரும்போது 35 லட்சத்துக்கு வாங்கி, 20 லட்சம் ஐந்து ஆண்டுக் கடன், 9 சதவீத வட்டி என்றால், மூன்றாண்டில் வட்டி மட்டும் சுமார் 4 லட்சம். வண்டியின் விலை 11 லட்சம் இறங்கும் என்று வைத்தால், சில்லறைச் சர்வீஸ் செலவோடு பதினைந்தரை லட்சம், கிலோமீட்டருக்கு 25 ரூபாய். எரிபொருளில் பெரிய வித்தியாசம் வராது, அதனால் இரண்டு பக்கமும் விட்டுவிட்டேன். இந்த எண்களில் வட்டி ஒன்றுதான் கணக்கு. விலை வீழ்ச்சியும் பராமரிப்பும் என் அனுமானம், உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கணக்கு வைத்துக்கொள்ளத்தான் சொல்கிறது, ஆனால் சன்னமான குரலில் சொல்கிறது. ஒரு டர்போ, இரண்டு இன்ஜெக்டர் போனால் அந்த மிச்சம் கரைந்துவிடும். மூன்றாவது வழி ஒன்றும் உங்கள் மனத்தில் இருப்பதாகத் தெரிகிறது: 2019 மாடல் சொகுசு கார் ஒன்றை 28 லட்சத்துக்கு வாங்குவது. மூன்றிலும் எனக்குப் பிடிக்காதது அதுதான். வாரன்ட்டி முடிந்திருக்கும், விலை வேகமாக இறங்கும் வயதிலேயே இருக்கும், முதல் உரிமையாளர் ஏன் கைவிட்டார் என்ற கதையை நீங்கள் விலைகொடுத்துத் தெரிந்துகொள்வீர்கள். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று கர்நாடகத்தின் கே.ஏ. எண்ணுள்ள வண்டியை எடுத்தால் அங்கே என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு ஆயுள் வரியும் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கு அது 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும் என்றாலும் கையைக் கடிக்கிற தொகைதான்.

ஆர்.சி. பயத்தை ஒரே மூச்சில் தீர்த்துவிடலாம். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 ஆண்டு. அது முடிந்ததும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். 2022 ஏப்ரலிலிருந்து காரின் முதல் புதுப்பிப்புக்குக் கட்டணம் 5,000 ரூபாய், இறக்குமதி காருக்கு 40,000. உங்களுடையது செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டப்பட்ட வகை. ஆர்.சி.யில் இறக்குமதி என்று தவறாகப் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டான டீசல் கார் ஓடக்கூடாது என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லி வட்டாரக் கதை, 2015இல் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் பகுதிக்குச் சொன்னது. 2021இல் வந்த வாகன அழிப்புக் கொள்கையும் தகுதிச் சோதனையில் தோற்ற வண்டியைப் பற்றித்தான் பேசுகிறது. வயதானதாலேயே கிருஷ்ணகிரியில் யாரும் உங்கள் வண்டியைப் பிடுங்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, இன்சூரன்ஸ். வண்டியின் ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸ் கம்பெனி வண்டிக்கு வைக்கும் மதிப்பு, ஆறு லட்சத்தை ஒட்டி இருக்கும். ஆனால் உடைந்தால் வாங்கும் பாகத்தின் விலை, புதிதில் ஏறக்குறைய அரைக் கோடி ரூபாய்க்கு விற்ற காரின் பாக விலை. பழுது செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட்டுவிடுவார்கள். அதாவது சூளகிரி தாண்டி முன்னால் போகும் லாரியில் மிதமாக ஒரு மோதல், இரண்டு ஹெட்லைட், பம்பர், ரேடியேட்டர் போனால் போதும், இன்ஜின் கல்லுப்போல இருந்தாலும் வண்டியின் கதை முடிந்தது. பத்து வயது தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்திலேயே பாதி விலையைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். செயினுக்கும் கியர் பாக்ஸுக்கும் கொட்டும் பணம் அந்த ஆறு லட்சத்துக்குள் திரும்பி வராது. வைத்துக்கொள்வதில் உள்ள பெரிய ஆபத்து இயந்திரத்தில் இல்லை, இந்தக் காகிதத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இனி அந்தக் கடைசி வரி. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடம், கியர் பாக்ஸ் இன்னும் இரண்டு ஆண்டு தாங்கும் என்று சொன்னேன். ஆயில் மாற்றியிருந்தோம், காந்தம் சுத்தமாக இருந்தது, ஸ்கேனரில் ஒரு கோளாறும் இல்லை. நான்கு மாதத்தில் தொப்பூர்க் கணவாயில் சேலத்துப் பக்கமிருந்து ஏறும்போது, இரவு பதினொரு மணிக்கு, வண்டி நியூட்ரலுக்கு விழுந்து நின்றுவிட்டது. உள்ளே வயதான தாய், இரண்டு பிள்ளைகள். பின்னால் வரிசையாக லாரிகள். ரெக்கவரி வண்டி வரும்வரை அவர்கள் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நின்றார்கள். அவர் என்மேல் கோபப்படவில்லை, வண்டியை மட்டும் விற்றுவிட்டார். எலெக்ட்ரானிக் பாகம் முன்னறிவிப்பு கொடுக்காமல் போகும் என்பதற்கு மேல் இதற்கு எனக்கு விளக்கம் இல்லை. சோதனைகள் எல்லாம் தேறினாலும், ஒரு மெக்கானிக் உங்களுக்குக் கொடுப்பது வாய்ப்பின் கணக்குத்தான்.

எனவே என் தீர்ப்பை இப்படிச் சொல்கிறேன். காந்தத்தில் மசி மட்டும் இருந்து, ஆயில் மாற்றியபின் குத்து குறைந்து, செயின் சத்தம் இல்லை என்றோ மாற்றி முடித்துவிட்டோம் என்றோ ஆகிவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாண்டு ஓட்டுங்கள். சிம்பு இருந்தால் அன்றே நிறுத்திவிடுங்கள், ஐம்பதாயிரத்தோடு போகட்டும். கியர் பாக்ஸுக்கும் செயினுக்கும் சேர்த்துப் பெரிய செலவு வரும் வண்டியை, இந்த ஐ.டி.வி.யோடு, நான் என் வீட்டுக்கு வைத்துக்கொள்ளமாட்டேன். விற்கும்போது பழுதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். 6,50,000 ஐந்தரை ஆகலாம், ஆனால் மறைத்து விற்றால், நம் ஊரில் வாங்கியவர் நாளைக்கே உங்கள் கூழ் ஆலை வாசலில் வந்து நிற்பார். எல்லாம் தேறியும் இரவில் மனம் ஒட்டவில்லை என்றால், அதையும் ஒரு பழுதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பகல் வேலைக்கு இதை வைத்துக்கொண்டு, குடும்பத்துக்குச் சின்னதாக ஒரு புது வண்டி எடுத்தவர்களும் என் வாடிக்கையாளர்களில் உண்டு. மேலே கணக்கில் போட்ட 35 லட்சத்தில் பாதிகூட அதற்கு ஆகாது.

எதுவானாலும் மே மாதத்துக்கு முன் செய்துவிடுங்கள். ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் வண்டியை நான்கு நாள் பட்டறையில் விட உங்களுக்கு மனம் வராது, குத்துகிற கியர் பாக்ஸோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்க்கொண்டே இருப்பீர்கள். தொட்டியைக் கழற்றும்போது நீங்களோ டிரைவரோ பக்கத்தில் நில்லுங்கள். வடியும் ஆயிலில் கால் லிட்டரை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து, வெயிலில் சாய்த்து, அதையும் காந்தத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அதைப் பார்த்தபின் இன்னும் கொஞ்சம் உறுதியாகச் சொல்வேன்.